கொடுத்தால் கர்த்தர் தருவாரா? காணிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணிக்கைப் பை கையில் வரும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதுதான் ஒவ்வொன்றாக வரும். அப்படி வரும் கேள்விகளுக்கு ஒரு சாதாரண சபை விசுவாசியின் பதில்கள் இவை. உங்கள் சபையின் போதனை சில இடங்களில் இதிலிருந்து மாறலாம். அப்போது வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டையும் பாருங்கள்.

தசமபாகம் கிறிஸ்தவர்களுக்குக் கட்டாயமா?

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கட்டாயம் என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் கட்டளை இல்லை. பவுல் பணம் கொடுப்பதைப் பற்றி மிக விரிவாக எழுதியது 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில். அந்த இரண்டு அதிகாரங்களிலும் பத்தில் ஒன்று என்ற பேச்சே கிடையாது. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்று முடித்துவிடுகிறார்.

கட்டாயம் என்பவர்களுக்கும் வாதம் உண்டு. நியாயப்பிரமாணம் வருவதற்கு முன்பே ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தார் என்பார்கள். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் கணக்காகத் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்ட பரிசேயரை இயேசு கண்டித்தபோதுகூட, "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றார் அல்லவா என்பார்கள். ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் இல்லை. ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தது இன்னும் ஆலயமும் பலியும் இருந்த காலத்து யூதர்களிடம்.

பத்து சதவீதம் கொடுத்துப் பழக நல்ல அளவு என்பது என் எண்ணம். அதைச் சட்டமாக்கினால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும். மாதம் 12,000 ரூபாயில் நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் 1,200 என்பது அரிசியும் மருந்தும். மாதம் 3 லட்சம் வாங்குகிறவருக்கோ 30,000 போனாலும் 2,70,000 மிச்சம். 'என் பங்கைக் கொடுத்தாயிற்று' என்று அவர் நிம்மதியாகத் தூங்கிவிடலாம். இந்த இரண்டாவது ஆபத்துதான் பெரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஏற்பாட்டுத் தசமபாகம் நாம் நினைப்பதுபோல் ஒரே மாதிரியான வரி அல்ல. எண்ணாகமம் 18இல் அது ஆலய வேலை செய்த, சொந்த நிலமில்லாத லேவியருக்குப் போகிறது. உபாகமம் 14ஐப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு ஆண்டவர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் குடும்பத்தோடு போய், அங்கேயே சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும்! வழி தூரமானால் விற்றுப் பணமாக்கி, அங்கே போய் இஷ்டமானதை வாங்கிச் சாப்பிடலாம். லேவியனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வருஷப் பங்கோ ஊரிலேயே வைக்கப்பட்டு லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். இதைப் படிக்கும்போது எனக்குத் திருநெல்வேலிச் சீமையின் அசனப் பந்திதான் நினைவுக்கு வரும். ஊரே சேர்ந்து அரிசியும் ஆடும் தேங்காயும் கொடுத்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறதே, அது.

அப்படியானால் மல்கியா 3:10? காணிக்கைக் கவரிலேயே அச்சடித்திருக்கிறார்களே.

"தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்" என்ற வசனம். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதருக்குச் சொல்லப்பட்டது. அந்தக் காலத்து நிலைமையைத் தெரிந்துகொள்ள நெகேமியா 13ஐப் பாருங்கள். பங்கு கிடைக்காத லேவியர் ஆலய வேலையை விட்டுவிட்டு வயலுக்கு ஓடிப்போயிருக்கிறார்கள். தானியமும் எண்ணெயும் இருக்க வேண்டிய பெரிய அறையை ஆசாரியன் தன் உறவுக்காரனான தொபியாவுக்குத் தங்கக் கொடுத்திருக்கிறான். ஜனங்கள் கொடுக்கவில்லை என்பது பாதிக் கதை. வைக்க வேண்டிய இடத்தில் வேண்டியவரைக் குடிவைத்தது மீதிக் கதை.

அதே அதிகாரத்தின் 5ஆம் வசனத்தையும் படியுங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் எதிராகத் தாமே சாட்சியாக வருவேன் என்கிறார் கர்த்தர். இதை எந்தக் கவரிலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு, சபைக்கு மட்டும் முதல் தேதி தவறாமல் கட்டுகிறவருக்கு மல்கியாவிடம் ஆறுதல் எதுவும் கிடைக்காது.

கையில் வரும் சம்பளத்திலா, பிடித்தத்துக்கு முன்னால் உள்ள சம்பளத்திலா?

வேதத்தில் பிஎஃப் பிடித்தம் கிடையாது. உங்கள் மனது எதைச் சரி என்கிறதோ அதன்படி செய்யுங்கள்.

'ஆயிரம் விதையுங்கள், லட்சமாக அறுப்பீர்கள்' என்று டிவியில் சொல்கிறார்களே, நம்பலாமா?

வேண்டாம்.

அவர்கள் காட்டும் வசனங்கள் வேதத்தில் இருப்பவைதான். முன்னும் பின்னும் வெட்டிக் காட்டுவதுதான் சிக்கல். நூறத்தனையாய்க் கிடைக்கும் என்று மாற்கு 10இல் இயேசு சொன்னது, தம்மைப் பின்பற்றுவதற்காக வீட்டையும் நிலத்தையும் உறவையும் விட்டவர்களிடம். அந்தப் பட்டியலிலேயே 'துன்பங்களோடேகூட' என்றும் இருக்கிறது. "கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்" என்ற லூக்கா 6:38க்கு மூன்று வசனம் மேலே, கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள் என்கிறார். திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறவனை மனதில் வைத்து அவர் பேசவில்லை.

விதைப்பையும் அறுப்பையும் பவுலே 2 கொரிந்தியர் 9இல் சொல்கிறார், உண்மை. அறுவடை எதற்கு என்பதையும் அங்கேயே சொல்கிறார்: இன்னும் தாராளமாகக் கொடுப்பதற்கு. கார் வாங்குவதற்கு என்று இல்லை.

கொடுத்தால் நூறு மடங்கு வரும் என்று உண்மையிலேயே நம்புகிறவர் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். உங்களுக்கு அனுப்பிவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பார். இது வேடிக்கைக்குச் சொல்வது இல்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, கம்மலை அடகு வைத்து 'விதை' அனுப்பும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பிள்ளை பிழைக்காவிட்டால் 'உன் விசுவாசம் போதவில்லை' என்ற பழியும் அவர்கள் தலையில்தான் விழும். இதைவிடக் கொடுமையான உபதேசம் ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை.

கடன் இருக்கிறது. கடனை அடைத்துவிட்டுக் கொடுக்கலாமா?

எந்தக் கடன் என்பதைப் பொறுத்தது. இருபது வருஷத்து வீட்டுக் கடன் முடியும்வரை கொடுக்காமல் இருந்தால் கைக்கு அந்தப் பழக்கமே போய்விடும். கந்துவட்டியிலோ கார்டு பாக்கியிலோ சிக்கியிருந்தால் முதலில் வெளியே வாருங்கள். அதற்குள் குறைவாகக் கொடுப்பது பாவமில்லை. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்பது உங்களுக்காகவே எழுதியது போன்ற வசனம் (2 கொரிந்தியர் 8:12). கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பது மட்டும் வேண்டாம். அது அடுத்தவர் பணம்.

அப்பா அம்மாவுக்கு மருந்துச் செலவு செய்கிறேன். அதைக் காணிக்கையில் கழிக்கலாமா?

கழிக்கலாமா என்று கேட்டால் தலைப்பு வேறு, கணக்கு வேறு. ஆனால் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற நிலை வந்தால் பெற்றோர்தான் முதலில். மாற்கு 7இல் இயேசு கோபப்பட்டதே இதற்குத்தான். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', தேவனுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கைகழுவ அன்றைய போதகர்கள் வழி செய்து கொடுத்திருந்தார்கள். சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 இன்னும் கடுமையாகச் சொல்கிறது.

'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்றால் சேமிப்பும் இன்சூரன்சும் விசுவாசக் குறைவா?

எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். அதைத் தேவன் காட்டிய வழி என்றே வேதம் சொல்கிறது. லூக்கா 12இல் வரும் ஐசுவரியவானும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத்தான் நினைத்தான். அவனைத் தேவன் மதிகேடன் என்கிறார். சேர்த்த தானியம் யாருக்காக என்பதில்தான் இரண்டு பேரும் பிரிகிறார்கள். யோசேப்பின் தானியத்தை ஒரு தேசமே தின்றது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னாவின் கதையும் இப்படித்தான். மறுநாளுக்கு என்று வைத்தவர்களின் மன்னா பூச்சிபிடித்து நாறியது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாள் வைத்ததோ கெடவில்லை. அதனால் பிள்ளை படிப்புக்குச் சீட்டுக் கட்டுங்கள், மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுங்கள். அதெல்லாம் இருந்தும் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால், அப்போது 'கவலைப்படாதிருங்கள்' என்கிற மத்தேயு 6ஐ எடுத்து உட்காருங்கள்.

ஜார்ஜ் முல்லர் யாரிடமும் பணம் கேட்காமல் அநாதை இல்லம் நடத்தினார் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். உண்மையில் நடந்ததா?

நடந்தது. பிரசங்கத்தில் விட்டுப்போகும் பகுதிகளையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அவைதான் நமக்கு அதிகம் உதவும்.

முல்லர் பிரஷ்யாவில் (இன்றைய ஜெர்மனி) 1805இல் பிறந்தவர். இளவயதில் அப்பாவின் பணத்தையே திருடியவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மனம் திரும்பி, பின்னால் இங்கிலாந்து போய், 1832 முதல் பிரிஸ்டலில் ஊழியம் செய்தார். 1836இல் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் முதல் இல்லம். வீட்டுக்காக, சாமான்களுக்காக, வேலையாட்களுக்காக எல்லாம் ஜெபித்தவர், பிள்ளைகள் வரவேண்டும் என்று மட்டும் ஜெபிக்கவில்லை. விண்ணப்பம் வாங்க உட்கார்ந்த நாளில் ஒருவரும் வரவில்லை! இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பிறகு ஆஷ்லி டவுனில் 1849இல் 300 பிள்ளைகளுக்கான கட்டடம். 1870க்குள் ஐந்து கட்டடங்கள், 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடம். 1898இல் அவர் இறப்பதற்குள் அந்த இல்லங்களில் வளர்ந்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். அவர் கைவழியாகப் போன பணம் சுமார் 15 லட்சம் பவுண்டு.

விட்டுப்போகும் பகுதிகளுக்கு வருவோம். முதலாவது, அவர் ரகசியமாக எதையும் நடத்தவில்லை. வந்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்தார், ஆண்டறிக்கையில் வரவு செலவு அச்சிட்டார். அந்த அறிக்கையைப் படித்தவர்கள் கொடுத்தார்கள். 'அறிக்கை வெளியிடுவதே ஒரு மறைமுக வேண்டுகோள்தானே' என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. அவருக்கும் அந்தக் கூச்சம் இருந்திருக்க வேண்டும். 1841 டிசம்பரில் கையில் பணமே இல்லாத நேரத்தில் ஆண்டுக் கூட்டம் வந்தது. இந்த நிலைமையில் கூட்டம் போட்டால் கேட்பதுபோல் ஆகும் என்று கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிப்போட்டார். கையில் பணம் இல்லாதபோது விளம்பரத்தை நிறுத்தியவர் என்று இதைச் சொல்லலாம்.

இரண்டாவது, 1838இல் இல்லத்தில் மாவுக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு வந்த வாரங்களில் முதலில் கொடுத்தவர்கள் உள்ளே வேலை செய்தவர்களே. கையில் இருந்த சில்லறையைப் போட்டார்கள். தேவையில்லாததை விற்றுக் கொடுத்தார்கள். வானத்திலிருந்து வரும் என்று ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தவர்களின் சட்டைப்பையிலிருந்தே அன்றைய ரொட்டி வந்த நாட்கள் உண்டு. எனக்கு இது அற்புதத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, முல்லருக்கு முன்மாதிரி ஒருவர் இருந்தார். ஹாலேக்குப் பக்கத்தில் ஊழியம் செய்த அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1695இல் தன் வீட்டு உண்டியலில் யாரோ போட்டிருந்த நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் (அன்றைய ஜெர்மன் காசுகள்) கிடைத்தபோது, அதைக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அது பெரிய அநாதை இல்லமாக வளர்ந்தது. பிராங்கே வெறுமனே காத்திருக்கவும் இல்லை. மருந்துக்கடையும் அச்சகமும் புத்தகக்கடையும் நடத்தி அந்த இல்லத்துக்கு வருமானம் சேர்த்தார். மாணவனாக இருந்தபோது முல்லர் அங்கே சில மாதம் இலவசமாகத் தங்கியிருக்கிறார். 1835இல் பிராங்கேயின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் பிரிஸ்டல் இல்லம் பற்றிய எண்ணமே உறுதியானது.

தமிழர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனெரிகள் சீகன்பால்குவும் புளூட்சோவும் ஹாலே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் என்றாலும், அவர்கள் எழுதிய கடிதங்களை பிராங்கே ஹாலேயில் அச்சிட்டுப் பரப்ப, முகம் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டன. அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சங்கம் அனுப்பியது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குச் சரிப்படும். நம் ஊரில் அப்படி யாராவது இருந்தார்களா?

ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனெரியிடம் படித்தவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேய ஊழியரோடு பழகினார். குரோவ்ஸ் வசதியான பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். முல்லரின் முதல் மனைவி மேரி அவருடைய தங்கைதான். மிஷன் சம்பளத்துக்கு வேலை செய்வதில்லை என்று அருளப்பன் முடிவெடுத்தார். மிஷன்கள் நிரந்தரச் சம்பளம் கொடுத்த அந்தக் காலத்தில் ஒரு தமிழருக்கு அது சாதாரண முடிவு இல்லை. கிறிஸ்டியன்பேட்டை என்ற ஊரை உண்டாக்கி, அங்கிருந்து கால்நடையாகப் போய்ப் பிரசங்கித்தார். 1860இல் அந்தப் பகுதியில் எழுந்த எழுப்புதலில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் சபைகளில் முல்லரைச் சொல்லும் அளவுக்கு இவரைச் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

தோனாவூரை எல்லோருக்கும் தெரியும். மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1901இல் அங்கே பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கியபோது, பணம் கேட்டு விண்ணப்பம் விடுவதில்லை என்பதை ஒழுங்காக வைத்துக்கொண்டார்.

வேறு விதமான முன்மாதிரி 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் நண்பர்களும் வெளிநாட்டுப் பணம் இல்லாமல் இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்று தீர்மானித்தார்கள். அன்றைய திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் பணக்காரர் குறைவு. அவர்கள் போட்ட காசில்தான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர் போனார்கள். இவர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள், கணக்குக் கொடுத்தார்கள். கேட்டதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பவுலே கொரிந்தியரிடம் இரண்டு அதிகாரம் எழுதிக் கேட்டவர்தானே.

ஏழைகளிடம் காணிக்கை வாங்குவது சரியா?

மக்கெதோனியச் சபைகள் 'கொடிய தரித்திரம்' உடையவை என்று பவுல் எழுதுகிறார். அவர்களிடம் அவர் கேட்கத் தயங்கியிருக்கலாம். ஆனால் அவர்கள் தாங்களே வற்புறுத்தி, தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஏழையைக் கொடுக்க விடாமல் தடுப்பதிலும் ஓர் அவமரியாதை இருக்கிறது.

மிசோரமில் சமைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகிறது. 1910இல் தொடங்கிய வழக்கம், இன்றுவரை அந்தச் சபைகளின் முக்கியமான வருமானங்களில் ஒன்று. கையில் காசே புழங்காத வீட்டுப் பெண்ணும் இதில் கொடுப்பவர் ஆகிறார். நம் கிராமங்களின் பிடியரிசிக் காணிக்கையும் இதுபோலத்தான்.

ஆனால் இரண்டு காசு போட்ட விதவையின் கதைக்கு முந்தின வசனத்தை மறக்கக் கூடாது. வேதபாரகர் 'விதவைகளின் வீடுகளைப் பட்சித்து' வாழ்கிறார்கள் என்று சொல்லி முடித்த உடனேதான் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அவள் போட்டதைப் பாராட்டினார். அவள் வீட்டில் அடுத்த வேளைக்கு ஒன்றுமில்லை என்பதையும் சொன்னார். அந்த விதவையைக் காட்டிக் காணிக்கை கேட்கும் சபை, அன்று சாயங்காலம் அவள் வீட்டில் உலை வைக்க அரிசி இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவும் வேண்டும்.

சபையில் கணக்குக் கேட்டால் 'கர்த்தருக்குக் கொடுத்தாயிற்று, அவர் பார்த்துக்கொள்வார்' என்கிறார்கள். கேட்பது தவறா?

தவறே இல்லை. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு பேரை அனுப்பினார், சபைகளே தெரிந்தெடுத்தவர் ஒருவர் உட்பட. ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு இப்படிச் செய்கிறோம் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:20). அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்டது நம் கமிட்டிக்குத் தேவைப்படாதா?

எண்ணும்போது இரண்டு பேராவது இருக்கிறார்களா, பணம் சபையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா, வருஷத்துக்கு ஒருமுறை வரவு செலவு படிக்கப்படுகிறதா என்று பாருங்கள். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் வரும் பெயர் சபையுடையதா, போதகரின் மகனுடையதா என்பதையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மரியாதையோடு கேட்டும் எரிச்சல்தான் பதில் என்றால் உங்கள் காணிக்கையை வேறு நல்ல இடத்துக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தவறாமல் கொடுத்தோம். வேலை போய்விட்டது. எங்கே தப்பு செய்தோம்?

தப்பு செய்ததால் போனது என்று யார் சொன்னது? பவுல் பசியும் பட்டினியும் குளிரும் அனுபவித்ததைப் பட்டியல் போட்டிருக்கிறார். எபிரெயர் 11இன் 33ஆம் வசனத்தில் விசுவாசத்தினால் ராஜ்யங்களை ஜெயித்தவர்கள் வருகிறார்கள். கடைசியில் அதே விசுவாசத்தினால் ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு குகைகளில் அலைந்தவர்கள் வருகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நற்சாட்சிதான் கொடுக்கப்படுகிறது.

"என் தேவன்... உங்கள் குறைவையெல்லாம்... நிறைவாக்குவார்" என்ற பிலிப்பியர் 4:19ஐ எழுதியவர் அந்த நேரத்தில் காவலில் இருந்தார். அவருடைய குறைவை நிறைவாக்கியது பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பிய உதவி. அந்த ஆள் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்து பிழைத்தார். தேவன் தருகிறார் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: பெரும்பாலும் இன்னொரு மனிதர் நடந்து வந்து கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு அவருக்குச் செலவாகிறது. அகபு என்ற தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்று சொன்னவுடன் அந்தியோகியாச் சபை ஜெபத்தோடு நிறுத்தவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து அனுப்பியது.

ஆகவே உங்கள் கேள்வியின் பாதி உங்கள் சபைக்கானது. வேலை போன வீட்டுக்கு யாராவது மளிகை வாங்கிக்கொண்டு போனார்களா? 'ஜெபிக்கிறோம் பிரதர்' என்று வாட்ஸ்அப்பில் கைகூப்பி அனுப்பியதோடு முடிந்துவிட்டதென்றால், பசித்தவனிடம் 'பசியாறுங்கள்' என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காதவர்களைக் கண்டிக்கும் யாக்கோபு 2:15, 16 அவர்களுக்குத்தான்.

இப்போதைக்குக் கொடுக்க முடியவில்லை என்றால் கொடுக்காதீர்கள். வேலை கிடைத்ததும் தொடங்கலாம்.

உதவி வாங்கக் கூச்சமாக இருக்கிறது. இவ்வளவு நாள் கொடுத்துப் பழகிவிட்டோம்.

கொடுத்துப் பழகியவர்களுக்கு வாங்குவது கஷ்டம்தான். இன்று உங்கள் செல்வம் அவர்களுடைய வறுமைக்கு உதவுகிறது, நாளை அவர்களுடையது உங்களுக்கு உதவும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அப்படியென்றால் என்றைக்காவது நம் முறை வரத்தானே செய்யும்? உதவுகிறவரிடம் நிலைமையைச் சரியாகச் சொல்லுங்கள், தேவைக்கு மேல் வாங்காதீர்கள், அப்புறம் நன்றி சொல்லுங்கள். போதும்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு உதவலாமா?

இதில் கேள்வியே இல்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவன் எந்த ஊர் என்று சமாரியன் விசாரிக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: நிபந்தனை வைக்காதீர்கள். அரிசி மூட்டையைக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாரா என்று பார்ப்பது தர்மம் ஆகாது.

பெயர் போட்டுக் கொடுக்கலாமா?

ட்யூப்லைட் முழுக்க 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்கள் என்று கோவிலைப் பற்றிக் கிண்டல் செய்கிறோம். நம் ஆலயத்து மின்விசிறியையும் பெஞ்சையும் கொஞ்சம் நிமிர்ந்தும் குனிந்தும் பார்த்தால் தெரியும், நாமும் குறைந்தவர்கள் இல்லை. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்றார் ஆண்டவர். இறந்துபோனவரின் நினைவாகப் பிள்ளைகள் ஒரு பெயர் பொறிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுத்துவிட்டு மைக்கில் பெயர் சொல்லும்வரை காத்து நிற்பதைத்தான் சொல்கிறேன். அதையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை, அந்தக் கலகலப்பு எனக்குப் பிடிக்கும்.

தோனாவூர் என்ற பெயரே அங்கே ஆலயம் கட்டப் பணம் அனுப்பிய தோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயரால் வந்ததுதான்.

பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஆலய வாசலில் பத்து ரூபாயைத் திணித்து 'உண்டியலில் போடு' என்றால் அவர்கள் செய்வது தபால்காரர் வேலை. மாமா, சித்தப்பா, ஆச்சி கொடுக்கும் காசு அவர்களிடம் இருக்கும் அல்லவா, அதிலிருந்து போடட்டும். யாருக்குப் போகிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வீட்டில் ஒருவருக்கு உதவலாமா என்று நீங்கள் பேசும்போது அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எவ்வளவு என்று மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். ஐந்து ரூபாய் என்றால் ஐந்து ரூபாய். ஒரு வாரம் மனமில்லை, ஐஸ்க்ரீம் வாங்க வேண்டும் என்றால் சரி, அந்த வாரம் விட்டுவிடுங்கள்.